பெயர் தெரியாத நாலு வெள்ளைப் பொடி: நாக்கில் வைக்காமல் கண்டுபிடிப்பது எப்படி?

வீடு மாற்றும்போது டப்பாக்களில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் நனைந்து உரிந்துவிட்டது, ஆப்ப சோடா, சோள மாவு, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), துணி ஊறவைக்கும் வாஷிங் சோடா என்று நாலு பொடி இருக்கிறது, எது எதுவென்று தெரியவில்லை, கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம்மா. வாஷிங் சோடா நல்ல காரம், கரைசலின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) 11-ஐ ஒட்டி வரும், நாக்கையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். நாலையும் சமையலறையில் இருக்கிற பொருட்களை வைத்தே பிரித்துவிடலாம்.

முதலில் டப்பாவைத் திறந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமல் கையால் காற்றை விசிறி முகர்ந்து பாருங்கள். நீச்சல்குளத்து வாடை வந்தால் அது நீங்கள் சொன்ன நாலில் எதுவும் இல்லை, ப்ளீச்சிங் பவுடர். அதில் எலுமிச்சையோ வினிகரோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடி, தனியாக வைத்துவிடுங்கள்.

வாடை இல்லையா, சரி, அடுத்தது தண்ணீர். ஒவ்வொன்றிலும் கால் ஸ்பூன் எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் இரண்டு மேஜைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். சோள மாவு மட்டும் கரையாது, பால் மாதிரி நின்று கொஞ்ச நேரத்தில் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். சந்தேகம் இருந்தால் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை அதில் ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாக மாறும். மற்ற மூன்றும் கரைந்து தெளிந்துவிடும்.

இனி மஞ்சள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் மூன்று இடத்தில் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரைசலைச் சேருங்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் அது எலுமிச்சை உப்பு. நன்றாகச் சிவந்தால் வாஷிங் சோடா. ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே விஷயம்தான், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும். ஆப்ப சோடா இளங்காரம் என்பதால் லேசான ஆரஞ்சோடு நின்றுவிடும். ஆனால் இந்த ஆரஞ்சையும் சிவப்பையும் கண்ணால் பிரிப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள்.

பொடியின் மேல் வினிகரைக் கொட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, இரண்டு சோடாவுமே பொங்கும். கொட்டாமல், கரைத்து வைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆப்ப சோடாவில் ஆரம்பச் சொட்டுகளிலேயே சுர்ரென்று நுரைக்கும். வாஷிங் சோடாவில் முதல் ஒரு ஸ்பூன் சாறு கிட்டத்தட்ட நுரையே இல்லாமல் உள்ளே போய்விடும், ஏனென்றால் முதலில் வருகிற அமிலம் அதை ஆப்ப சோடாவாக மாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. அந்த மாற்றம் முடிந்து மேலும் சாறு விட்டால்தான் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது, கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த அமைதி எப்போது உடைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு குறிப்பு: வெறும் தண்ணீரிலேயே ஒரு பொடி நுரைத்தால் அது பேக்கிங் பவுடர், சோடாவும் அமிலமும் ஒரே டப்பாவில் இருக்கிறது. எண்ணெயில் போட்டுப் பார்ப்பது வீண், இவற்றில் எதுவுமே எண்ணெயில் கரையாது.

அப்புறம் முக்கியமான ஒன்று. கண்டுபிடித்துவிட்டோமே என்று இவற்றைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒரே டப்பாவில் இரண்டு கலந்திருந்தால் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஆப்பத்துக்குப் புதுப் பொட்டலம் வாங்குங்கள், பழையது சிங்க் தேய்க்க ஆகும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, போர் தண்ணீரால் வெள்ளை படிந்த வாளியிலும் குழாயிலும் ஊற்றி ஊறவிடுங்கள், அந்தக் கால்சியம் படிவு கரைந்துவிடும். வாஷிங் சோடாவைக் கையுறை போட்டுக்கொண்டு துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் போட்டால் அரித்துக் கறுத்துவிடும்.