செவிலியர் படிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. நர்சிங் சேர்கிறேன் என்கிறாள். இவ்வளவு மதிப்பெண் எடுத்துவிட்டுப் பணிவிடை செய்யும் வேலைக்கா போக வேண்டும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு இரக்கமும் பொறுமையும் உண்டு, அந்த வேலைக்கு அது போதும் என்கிறாள் என் மனைவி. பொறியியல், நர்சிங் இரண்டில் எதற்கு எதிர்காலம் அதிகம்? வெளிநாட்டு வாய்ப்பு எப்படி?

ந., விருதுநகர்

அன்புள்ள ந.,

நம் வீடுகளில் படிப்பின் பெயர் தெரிகிறது, சம்பளம் தெரிகிறது; ஆனால் அந்த வேலையில் இருப்பவர் ஒரு நாள் முழுவதும் கையாலும் கண்ணாலும் மூளையாலும் என்னதான் செய்கிறார் என்பது தெரிவதில்லை. சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்த இந்த விஷயத்தை உங்கள் கடிதம் மறுபடியும் கிளறிவிட்டது. வெளிநாட்டைப் பற்றி, நான்கு ஆண்டு படித்து, சில காலம் வார்டில் நின்று பழகிய பிறகு உங்கள் மகளே முடிவு செய்துகொள்வாள். உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் உங்கள் மனைவி சொன்னதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. என் அம்மா அறுவை சிகிச்சை முடிந்து அரசு மருத்துவமனையில் படுத்திருந்த ஓர் இரவில், பணியில் இருந்த செவிலியர் அம்மாவின் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நாடித் துடிப்பில் ஏதேனும் கோளாறா என்று பதறிப்போய்க் கேட்டேன். வெளியே அழைத்துவந்து, “நாடியை அப்பவே எண்ணி முடிச்சாச்சு சார். இப்ப மூச்சை எண்ணுறேன். எண்ணுறோம்னு தெரிஞ்சா அம்மா மூச்சு விடுறதே மாறிடும்” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் மார்புக்கு மேல் ஏறி இறங்கிய போர்வையை. சற்று நேரம் கழித்து மீண்டும் வந்து எண்ணினார். எண்ணிக்கை கூடியிருக்கவே, தூங்கிக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவரைத் தயங்காமல் எழுப்பி அழைத்துவந்தார். அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு இரக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு என்று கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வேகத்தைச் சரிசெய்ய வேண்டியவர் செவிலியர். நோயாளி கையை மடக்கினாலே அந்த வேகம் மாறிவிடும், திரும்பவும் எண்ண வேண்டும். இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அதனதன் சிரிஞ்சும் வேறு, ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்துவிட்டால் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் அதிகாலையில், ஒரு பக்கம் அழைப்பு மணி அடிக்க, இன்னொரு பக்கம் உறவினர் சத்தம் போட, இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். இதைப் பணிவிடை என்கிறவர்களை என்ன சொல்வது! பிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கிரிமியப் போரில் இறந்த வீரர்களை மாதவாரியாகவும் காரணவாரியாகவும் கணக்கெடுத்து, காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றன என்பதை 1858இல் வரைபடமாக்கிக் காட்டியதைச் சொல்வதில்லை.

உங்கள் மகளின் மதிப்பெண் இந்த வேலையில் வீணாகும் என்று கவலைப்படாதீர்கள். அதெல்லாம் இங்கே தேவைப்படும். அவளிடம் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஒரே வேலையைப் பத்தாவது முறை செய்யும்போதும் முதல் முறைபோலச் சரிபார்ப்பாளா? செய்ததை உடனுக்குடன் எழுதிவைக்கும் பழக்கம் உண்டா? மூத்தவர் சொன்ன அளவு தவறாகத் தோன்றினால் வாய் திறந்து கேட்பாளா? இந்த மூன்றாவதைத்தான் நாம் வீட்டில் அடக்கி அடக்கி வளர்க்கிறோம். பெண்பிள்ளை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நீங்கள் சொல்லி வளர்த்திருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் பணியிலிருக்கும் செவிலியர் ஒருவரிடம் அவளைத் தனியாக அனுப்பிப் பேசவிடுங்கள். இரவுப் பணியில் என்னென்ன செய்கிறீர்கள் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகும் இதுதான் வேண்டும் என்றாள் என்றால், கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், அதன் மருத்துவமனையில் நோயாளிகள் நிறைந்திருக்கிறார்களா என்பதைப் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குழந்தைக்கு என் அன்பு.