ஆறிய தோலுக்கும் மருந்தா? எத்தனை டியூப் வாங்குவது?

கேள்வி: முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எனக்கு எக்ஸிமா (தோல் சிவந்து அரிக்கும் அழற்சி). ஸ்டீராய்டு க்ரீம் பூசி ஆறிவிட்டது. இனியும் வாரம் 2 நாள் அதே இடங்களில் பூசச் சொல்கிறார் டாக்டர். வீண் செலவில்லையா? எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

பதில்: வீணில்லை. அரிப்பும் சிவப்பும் போன பிறகும் அடிக்கடி வரும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அழற்சி தங்கியிருக்கும். மறுபடி கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அதை அடக்கிவைக்கத்தான் இந்த 2 நாள் பூச்சு. சிவப்பு குறைந்ததுமே இதற்கு மாறிவிடுவதுதான் வழக்கமான தவறு. தடவிப் பார்த்தால் தடிப்போ சொரசொரப்போ இருக்கிறதா? அப்படியானால் இன்னும் ஆறவில்லை, தினசரிப் பூச்சு தொடர வேண்டும்.

செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து 2 உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். உங்கள் 4 மடிப்புக்கும் ஒரு வேளைக்கு 1 கிராம் என்று வைத்தால், 30 கிராம் டியூப் 15 வாரம் வரும். ஒரு டியூப் போதும். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் கலந்த க்ரீமைக் கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு வீரியம் மிக அதிகம், தோல் மெலியும்.

இமை, முகம் என்றால் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது தோலை மெலிய வைக்காது. 2 முதல் 15 வயதுவரை 0.03%, அதற்கு மேல் 0.1%. முதல் சில நாள் எரியும். ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் தூக்கிப்போடுவது அப்போதுதான். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

காசு உண்மையில் போவது மாய்ஸ்சரைசருக்கு. அது 2 நாள் கணக்கில் வராது, தினமும் வேண்டும். உடம்பு முழுக்க வறட்சி என்றால் பெரியவருக்கு வாரம் 250 கிராம்கூடப் பிடிக்கும். சின்ன டியூப் கட்டாது. பெரிய பம்ப் பாட்டில் நல்லது. டப்பா என்றால் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். முகர்ந்தால் வாசனை இல்லை என்பதை நம்பாதீர்கள், வாசனையை மறைக்கவும் நறுமணப் பொருள் சேர்ப்பதுண்டு. லேபிளில் நறுமணம் சேர்க்கப்படவில்லை என்றே இருக்க வேண்டும். மருந்துக்கும் மாய்ஸ்சரைசருக்கும் 20 நிமிட இடைவெளி விடுங்கள்.

நடுவில் மீண்டும் சிவந்தால் தினசரிப் பூச்சுக்குத் திரும்பி, ஆறியதும் பழையபடி வாரம் 2 நாள். நீர் கசிந்தாலோ மஞ்சள் பொருக்கு கட்டினாலோ கிருமித் தொற்றாக இருக்கலாம். க்ரீமை அதிகப்படுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.