பழைய மோட்டார்ஹோமுக்கு எங்கே இடம் கிடைக்கும்?

கேள்வி: டல்லாஸ் பக்கம் வசிக்கிறோம். போன வருடம் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியிடமிருந்து 2004 மாடல் மோட்டார்ஹோம் (உள்ளேயே படுக்கை, சமையலறை உள்ள வண்டி) வாங்கினோம். 26 அடி, கிளாஸ் சி (ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை இருக்கும் வகை), 41,000 மைல்தான் ஓடியிருக்கிறது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் குழந்தைகளையும் எங்களோடு இருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால், இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் மூன்று ஆர்வி பார்க்குகளில் மாடல் வருடத்தைக் கேட்டதுமே "பத்து வருடத்துக்கு மேல் ஆன வண்டிகளை எடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விற்றுவிடத்தான் வேண்டுமா?

பதில்: விற்க வேண்டாம். உங்களிடம் இருப்பது நல்ல வண்டி. நீங்கள் தட்டிய கதவுகள்தான் தவறு.

முதலில் அந்தப் பத்து வருடக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இதைப் 'பத்து வருட விதி' என்றே சொல்வார்கள். அரசாங்கம் போட்ட சட்டமல்ல அது. தனியார் பார்க் உரிமையாளர்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே வைத்துக்கொண்ட விதி. சிலர் பத்து என்பார்கள், சிலர் பதினைந்து என்பார்கள். ஃப்ளோரிடா, அரிசோனா, டெக்சாஸின் தெற்கு முனை என்று குளிர்காலத்துக்கு ஆட்கள் வந்து மாதக்கணக்கில் தங்கும் இடங்களில், 'ரிசார்ட்' என்று பெயர் வைத்திருக்கும் பார்க்குகளில் இது கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாத வாடகைக்கு வந்த ஒருவர் ஓடாத வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டால், அதை இழுத்து அப்புறப்படுத்தும் செலவும் சட்ட அலைச்சலும் பார்க் உரிமையாளர் தலையில்தான் விழும். கழிவுநீர் ஒழுகுவது, காஸ் கசிவது, பழைய வயரிங்கில் தீப்பிடிப்பது என்று பயங்களும் உண்டு. பக்கத்து இடத்தில் சில லட்சம் டாலர் வண்டியோடு நிற்பவர் முகம் சுளிப்பார் என்பது இன்னொரு கணக்கு. ஒவ்வொரு வண்டியையும் இறங்கிப் பார்க்க ஆளில்லாததால் வருடத்தை ஒரு சல்லடையாக வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான கவலை வண்டியின் நிலைமை பற்றியது. இது புரிந்துவிட்டால் அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் தனியார் பார்க்குகளைப் பற்றி அப்புறம் பேசுவோம். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் பொது நிலம். தேசியப் பூங்காக்கள், தேசிய வனங்கள், மாநிலப் பூங்காக்கள், ஏரிக்கரைகளில் ராணுவப் பொறியியல் படை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் ஆகியவற்றில் உங்கள் வண்டி எந்த வருடத்தில் பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. நீளம் கேட்பார்கள், உயரம் கேட்பார்கள், எத்தனை பேர் என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

நான் பலருக்கும் முதலில் சொல்வது ராணுவப் பொறியியல் படையின் இடங்களைத்தான், ஏனென்றால் நம்மவர்களில் நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெள்ளத்தடுப்புக்காக இவர்கள் கட்டிய அணைகளின் ஏரிக்கரைகளில் கேம்ப்கிரவுண்டுகளும் அமைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டைச் சுற்றியே லாவன், லூயிஸ்வில், டெக்சோமா, விட்னி என்று இத்தனை ஏரிகள் இருக்கின்றன. பல இடங்களில் மின்சாரமும் தண்ணீரும் வண்டிக்கு அருகிலேயே கிடைக்கும். தனியார் பார்க்குகளில் பக்கத்து வண்டிக்காரர் இருமினால் நமக்குக் கேட்கும். இங்கே இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், மரநிழல் இருக்கும், வாசலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற தளத்தில் முன்பதிவு செய்யலாம். எந்தெந்தக் கேம்ப்கிரவுண்ட் திறந்திருக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். முதல் பயணத்தை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், இரண்டு இரவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் என்ன ஒழுகுகிறது, எந்த பிளக்கில் கரண்ட் வரவில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது டெக்சாஸ் மாநிலப் பூங்காக்கள். பலவற்றில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு. கழிவுநீர் இணைப்பு அநேகமாக இருக்காது, கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷன் என்ற இடத்தில் கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொள்ள வேண்டியதுதான். ஐந்து மாதம் முன்னதாகவே பதிவு திறந்துவிடும். மார்ச் விடுமுறைக்கு அக்டோபரிலேயே உட்கார்ந்து போட்டுவிட வேண்டும், நவம்பர் என்றால் நல்ல இடங்கள் போயிருக்கும். ஃப்ளோரிடா வரை போக நினைத்தால் அங்குள்ள மாநிலப் பூங்காக்களிலும் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குப் பதினொரு மாதம் முன்பும், வெளி மாநிலத்தவருக்குப் பத்து மாதம் முன்பும் பதிவு தொடங்குகிறது. கடற்கரைப் பூங்காக்களில் அந்த ஒரு மாத வித்தியாசத்திலேயே நிறைய இடம் முடிந்துவிடும்.

தேசியப் பூங்காக்களில் உங்கள் பழைய வண்டிக்கு ஒரு சாதகமே இருக்கிறது. அங்குள்ள கேம்ப்கிரவுண்டுகளில் பல, வண்டிகள் சிறியதாக இருந்த காலத்தில் போட்டவை. வளைவுகள் இறுக்கம், இடங்கள் குட்டை. நாற்பது அடி புது வண்டிக்காரர் நுழைய முடியாத பல இடங்களில் 26 அடி வண்டி சுலபமாக நிற்கும். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸில் மோட்டார்ஹோமுக்கு 35 அடிதான் எல்லை. அதற்காக எங்கும் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாநிலத்திலேயே இருக்கும் பிக் பெண்டில், சிசோஸ் பேசின் மலைப்பாதைக்கு 24 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம்கள் வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. அந்த இரண்டடி வித்தியாசத்தைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள் அவை. நீங்கள் ஆற்றங்கரையில் இருக்கும் ரியோ கிராண்டே வில்லேஜில் தங்குங்கள். காட்டன்வுட் மர நிழலில் மெக்சிகோ மலைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், பெரியவர்களுக்கும் நடக்கச் சமதளம்.

கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பெரும்பாலான இடங்களில் 28 நாள் காலத்தில் 14 நாள் வரை இலவசமாகவே தங்கலாம். ஆனால் டெக்சாஸில் அந்த நிலம் இல்லை என்றே சொல்லலாம், நியூ மெக்சிகோவுக்குள் போனால்தான் உண்டு. தண்ணீர், கரண்ட், கழிவறை எதுவும் இருக்காது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்த முதல் வருடப் பயணத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அனுபவம் வந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஒரு கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாலைவனத்தில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நாற்பது வருடத்து வண்டிகளும் புத்தம் புதியவையும் அக்கம் பக்கத்தில் நிற்கும்.

சரி, தனியார் பார்க்குகளுக்கு வருவோம். வழியில் ஓர் இரவு தங்க, துணி துவைக்க, தொட்டிகளைக் காலி செய்ய அவையும் தேவைப்படும்.

இணையத்தில் பதிவு செய்யாதீர்கள், போன் செய்யுங்கள். இணையப் படிவம் வருடத்தைப் பார்த்ததும் தள்ளிவிடும், மனிதர்கள் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். செவ்வாய், புதன் மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் பேசுங்கள். காலையில் கிளம்புபவர்கள் போயிருப்பார்கள், புதிதாக வருபவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள், நிர்வாகிக்குப் பேச நேரமிருக்கும். வருடத்தை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "2004 மாடல், 26 அடி, நல்ல நிலையில் இருக்கிறது, மூன்று இரவுதான். படம் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறீர்களா?" இதில் 'மூன்று இரவு' முக்கியமான வார்த்தை. பத்து வருட விதி பல இடங்களில் மாதக்கணக்கில் தங்குபவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. ஓரிரு நாள் குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தளர்த்துவார்கள். நாடு முழுக்கக் கேம்ப்கிரவுண்டுகள் உள்ள கேஓஏ மாதிரிப் பெரிய பெயர்களில்கூட பெரும்பாலான இடங்கள் தனித்தனி உரிமையாளர்களுடையவை. ஒரு ஊரில் மாட்டேன் என்றார்கள் என்பதற்காக அடுத்த ஊரை விட்டுவிட வேண்டாம்.

படங்களை அன்றன்றைய நிலையில் எடுங்கள். காலை வெயிலில் முன் மூலையிலிருந்து ஒன்று, பின் மூலையிலிருந்து ஒன்று, கதவைத் திறந்து உள்ளே ஒன்று, ஏணியில் ஏறிக் கூரையை ஒன்று. கூரைப் படத்தைக் கேட்காமலே அனுப்பினால், வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அவர்கள் சரி என்றால் அதை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை லூசியானாவில் ஒரு பார்க்கில், போனில் "வாங்க, பரவாயில்லை" என்றார்கள். இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேறு ஆள். டார்ச் அடித்து வண்டியைச் சுற்றி வந்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார், "வருடம் அதிகம்" என்று கையை விரித்துவிட்டார். பகலில் பேசியவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. குழந்தைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருக்க, மழையில் இன்னும் நாற்பது மைல் ஓட்டினேன். அன்றிலிருந்து எழுத்தில் இல்லாத சம்மதத்தை நம்பிக் கிளம்புவதில்லை.

வருடம் பற்றி இன்னொரு விஷயம். மோட்டார்ஹோமில் அடிச்சட்டம் ஒரு நிறுவனத்துடையது, மேலே இருக்கும் வீடு இன்னொரு நிறுவனத்துடையது. அடிச்சட்டம் பல சமயம் ஒரு வருடம் முந்தையதாக இருக்கும். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணில் பத்தாவது எழுத்து அடிச்சட்டத்தின் மாடல் வருடம். அங்கே 3 என்றிருந்தால் 2003, 4 என்றிருந்தால் 2004. உங்கள் பதிவுச் சான்றிதழில் எந்த வருடம் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். வாசலில் காகிதத்தைக் கேட்கும்போது ஒரு வருடம் மாறினாலும் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது வண்டியின் நிலைமை. கிளாஸ் சி வண்டியில் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை இருக்கிறதே, அங்கே ஏறுங்கள். மெத்தையைத் தூக்கி, முன்பக்க இரண்டு மூலைகளிலும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நிம்மதி. அமுங்கினாலோ ஈர வாடை அடித்தாலோ தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே நெற்றியில் இருக்கும் சிறு விளக்குகளைச் சுற்றியும் மூலைத் தகட்டின் ஓரத்திலும் சீலன்ட் வெடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுவது ஒரு சனிக்கிழமை வேலை. விட்டுவைத்தால் இரண்டு மழைக்காலத்தில் முழு முன்சுவரையும் பிரிக்க வேண்டி வரும்.

பிறகு வெளித்தோற்றம். வண்டியின் பக்கச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் வெயிலில் மேற்பூச்சு வெளுத்திருக்கிறது. பாலிஷ் போடும் காம்பவுண்ட் பசையைத் தடவித் தேய்த்து மெழுகு பூசினால் பளபளப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டை பாலிஷ் செய்யுங்கள். உரிந்து தொங்கும் ஸ்டிக்கர் பட்டைகளை ஹேர் டிரையரால் சூடாக்கி முழுதாக உரித்துவிடுங்கள். பாதி ஸ்டிக்கர்தான் வண்டிக்கு வயதைக் கூட்டிக் காட்டுகிறது. ஜன்னலில் அலுமினியத் தாள், கூரையில் தார்ப்பாய் இரண்டும் இருக்கவே கூடாது. அவற்றைப் பார்த்தால் எந்த நிர்வாகியும் உடனே மறுத்துவிடுவார்.

டயரை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த மைல் ஓடிய வண்டியில் பள்ளங்கள் ஆழமாக, புதிது மாதிரியே இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டியாகி வெடிக்கக் காத்திருக்கும். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், பணத்தை யோசிக்க வேண்டாம். பின் சீட்டில் உங்கள் பெற்றோர் உட்காரப்போகிறார்கள். அதே போல காஸ் கசிவு அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் காலாவதியாகும். 2004-இல் பொருத்தியதே இன்னும் இருந்தால் பச்சை விளக்கு எரிந்தாலும் அதை நம்பாதீர்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு இருக்கிறதா? இருந்து, வயது 62 ஆகியிருந்தால் ஒருவர் பெயரில் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்கிவிடுங்கள். ஆயுள் முழுக்க 80 டாலர், ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் 20 டாலர். வெறும் விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கிடையாது. பாஸ் வைத்திருப்பவர் கூட இருந்தால் அதே வண்டியில் வரும் எல்லோருக்கும் பூங்கா நுழைவு இலவசம். ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டுகள் உட்பட, கூட்டாட்சி அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் தங்கும் கட்டணமும் பாதிதான். பதிவு செய்யும்போதே பாஸ் எண்ணைப் போடுங்கள், போகும்போது அட்டையை அப்பாவின் பர்ஸிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வாசலில் கேட்பார்கள்.