தடிமனான ஸ்டெபிலைசர் பார் முன்னாலா, பின்னாலா: ட்ராக் கார் கேள்விகள்

கோவை கரி ஸ்பீட்வேயில் என் ஸ்விஃப்ட் ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன்னால் தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் இன்னும் மோசமாகும். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் இரும்புக் கம்பி. வளைவில் வண்டி சாயும்போது பார் முறுக்கிக்கொண்டு, உள்பக்கச் சக்கரத்தின் சுமையை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏற்றுகிறது. இரண்டு டயர் பங்கிட்டுச் சுமந்தால் கிடைக்கும் பிடி, ஒரே டயர் திணறும்போது கிடைக்காது. அதனால் எந்தப் பக்கத்தை இறுக்குகிறோமோ அந்தப் பக்கம்தான் முதலில் பிடி இழக்கும். உங்களுடையது முன்சக்கர இழுவை வண்டி வேறு. முன்னால் இறுக்கினால், வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றும். இறுக்க வேண்டியது பின்பக்கத்தை.

அதற்கும் முன்னால் முன் டயரைக் குனிந்து பாருங்கள். வெளி ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம், போதவில்லை. அதைச் சரிசெய்யும் செலவு பாரை விடக் குறைவுதான்.

ஆனால் ஸ்விஃப்டுக்குப் பின்னால் பாரே தனியாகத் தெரியவில்லையே?

அங்கே இருப்பது டார்ஷன் பீம். குறுக்கே போகும் அந்த பீமே முறுக்கிக்கொண்டு பார் வேலையையும் பார்க்கிறது. போலோவிலும் இதே கதைதான். பீமோடு போல்ட் போட்டு மாட்டும் கிட் வாங்குங்கள். பட்டறையில் ஒரு கம்பியை வைத்து வெல்டு அடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும் இரும்பு அது. வெல்டு ஓரத்தில்தான் விரிசல் விடும்.

20 மி.மீ. பாருக்கும் 22 மி.மீ. பாருக்கும் விலையில் நிறைய வித்தியாசம். வெறும் 2 மி.மீ.க்கு இவ்வளவா?

இந்த "வெறும்" என்ற வார்த்தையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20-லிருந்து 22 என்றால் விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ சுமார் 46 சதவீதம் கூடுகிறது. 24 மி.மீ.க்குப் போனால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

உள்ளே குழலாக இருக்கும் பாரைக் கண்டு பயப்பட வேண்டாம். முறுக்கத்தைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்புற உலோகம்தான். 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழல், அதே விட்டக் கெட்டி பாரின் விறைப்பில் ஏறக்குறைய 79 சதவீதம் தரும். எடையோ 54 சதவீதம்தான்.

விட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு நிறுவனங்களின் பாரை ஒப்பிடவும் கூடாது. பாரின் இரு முனையிலும் மடங்கி நிற்கும் கையின் நீளம் 200 மி.மீ.யிலிருந்து 175 ஆனால், அதே தடிமனிலேயே விறைப்பு சுமார் 30 சதவீதம் கூடும்.

மூன்று துளை உள்ள பார். எந்தத் துளையில் ஆரம்பிப்பது?

கை நுனியில் இருக்கும் துளைதான் மென்மையானது. அங்கிருந்து தொடங்கி, டயர் சூடேறிய பிறகு நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு ஒரு துளை உள்ளே வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இடதில் ஒன்று, வலதில் அடுத்தது என்று மாட்டினால் இரண்டுக்கும் நடுவான விறைப்பு கிடைக்கும், அதில் தவறில்லை.

பாரின் கைத் துளையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராட். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் நீளம் மாற்றக்கூடிய லிங்க் ராடும் வாங்கிவிடுங்கள். சமதரையில், ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க, கடைசி போல்ட் கையாலேயே வழுக்கி உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மலேசியாவிலிருந்து: செப்பாங் ட்ராக்கில் மதியம் திடீரென்று மழை கொட்டிவிடுகிறது. என் டொயோட்டா 86-இல் பாரை என்ன செய்யலாம்?

பின்பக்கத்தை மென்மையாக்குங்கள், கை நுனித் துளைக்குப் போயும் வால் ஆடினால் பின் லிங்க்கைக் கழற்றியே விடலாம். ஈரத் தரையில் பிடி குறைவு, வண்டி சாய்வதும் குறைவு, எனவே பார் இல்லாவிட்டாலும் சாய்வு பெரிதாகத் தெரியாது. ஒரு தூறலில் "இதற்கெல்லாம் எதற்கு ஜாக் ஏற்றுவது" என்று சோம்பல்பட்டு, இரண்டாவது வளைவிலேயே பின்னோக்கிப் பார்த்தபடி புல்லில் போய் நின்றவன் நான். ஒரு பக்க லிங்க்கைக் கழற்றினாலே பார் வேலை செய்யாது. ஆனால் தொங்கும் முனையைக் கட்டி வையுங்கள், பிரேக் ஹோஸில் உரசும்.