ரெண்டாம் தடவை சோப்பு: கதைப் பட்டறை கேள்வி – பதில்

ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளை எழுதுகிறவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் தாமிரபரணிக் கரைக்காரர்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

என் கதையைப் படித்த நண்பர், "ஆதரிச்சு எழுதின மாதிரிதான் இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள அருவருப்புல்லா ஓடுது" என்கிறார். என் நாயகன் தன்னைத் தானே வெறுப்பவன். அவனை எழுதினால் வெறுப்பு வரத்தானே செய்யும்? ஒரு பத்தி அனுப்பியிருக்கிறேன்.
— கல்லிடைக்குறிச்சி

வரும். வர வேண்டியதும்தான். வீடும் ஊரும் சினிமாவும் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருவன் அதைத் தன் சொந்தக் குரல் என்றே நம்பிவிடுகிறான். உள்வாங்கிய வெறுப்பு என்பது இதைத்தான். அதை எழுதாமல் இந்தத் தலைமுறையை எழுத முடியாது. ஆனால் அந்த வெறுப்பு யாருடைய வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பத்தி குறுக்குத்துறைப் படித்துறையில் நடக்கிறது:

"முத்து தண்ணீரை அள்ளி அவன் முதுகில் ஊற்றினான். விரல் பட்டதும் கணேசன் உடம்பில் அழுக்கு ஒட்டிக்கொண்டது. பாவத்தின் ஈரம் அது."

இதில் கணேசன் எதையும் நினைக்கவில்லை. அழுக்கு ஒட்டியது என்று சொல்வது கதைசொல்லி. கதைசொல்லி "மழை பெய்தது" என்றால் கதைக்குள் மழை பெய்ததுதான். வாசகர் சந்தேகப்பட மாட்டார். அதே அதிகாரத்தோடு "அழுக்கு", "பாவம்" என்றால் அதுவும் மழையைப் போல உண்மையாகிவிடுகிறது. "ஒட்டிக்கொண்டதுபோல் கணேசனுக்குத் தோன்றியது" என்று மாற்றினால் பாதி சரியாகும். முழுக்கச் சரியாக வேண்டுமென்றால் அதைச் செய்கையாக்குங்கள்:

"விரல் பட்டது. கணேசன் ஒன்றும் சொல்லவில்லை. முத்து கரையேறிய பிறகு ரெண்டாம் தடவையும் சோப்புப் போட்டான். 'ஏல, முழுச் சோப்பையும் கரைச்சே தீத்துருவ போலிருக்கே' என்றான் முத்து, துண்டைப் பிழிந்துகொண்டே."

வெறுப்பு இங்கேயும் இருக்கிறது, முன்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அது கணேசனுடையது. முத்துவுக்கு அது கிடையாது என்பதும் அந்த ஒரு கேலியிலேயே தெரிந்துவிடுகிறது. எதிர்க்குரல் என்றால் பிரசங்கம் வைக்க வேண்டியதில்லை, துண்டு பிழிகிற சத்தம் போதும்.

முழுக் கதையையும் இப்படிச் சரிபார்க்க ரெண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கு, பாவம், நோய், பழக்கம், விபரீதம், சறுக்கல், இருட்டு போன்ற சொற்கள் கதைசொல்லியின் வாயில் வந்தால் சிவப்பு. பாத்திரத்தின் பேச்சிலோ நினைப்பிலோ வந்தால் நீலம். நீலம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. சிவப்பு ஒவ்வொன்றையும் அடியுங்கள், அல்லது நீலமாக்குங்கள், அல்லது செய்கையாக்குங்கள். அடுத்த சுற்றில் "அது", "அந்த மாதிரி", "அந்த விஷயம்", "அந்தக் காரியம்" என்பவற்றைத் தேடுங்கள். அதே கதையில் கணேசனின் தங்கையும் அவள் கணவனும் "முத்தமிட்டார்கள்" என்று வந்து, இவர்களுக்கு மட்டும் "அது நடந்தது" என்று வந்தால், கூச்சம் பாத்திரத்துக்கா உங்களுக்கா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலான பிரதிகள் தோற்பது இந்த ரெண்டாவது சுற்றில்தான், ஏனென்றால் நேராகச் சொல்லக் கூசி வேறு சொல்லால் மறைக்கும் இடக்கரடக்கல் நமக்கு நாகரிகமாகவே தெரிகிறது.

காதலர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது? வயதில் மூத்தவனை "அண்ணே" என்றால் முறை உறுத்துகிறது. "அத்தான்" என்று போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வருகிறது.
— வீரவநல்லூர்

சிரிப்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது. "அத்தான்" என்றதும் ஒருவன் கணவன், இன்னொருவன் மனைவி என்று வீடு பிரிந்துவிடுகிறது. ரெண்டு பேரில் யாரோ ஒருவர் பெண்ணாகியே தீர வேண்டும் என்ற நம்பிக்கைதான் இந்த வகைக் கதைகளில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் முன்முடிவு. விளிச்சொல் மாதிரி அதைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. ஒருவன் எப்போதும் "வாங்க, சாப்பிடுங்க", இன்னொருவன் எப்போதும் "வால, போல" என்றால் அதே கணக்குதான்.

நம் ஊரில் ஆண்களுக்குள் புழங்கும் சொற்களே போதும். சமவயது என்றால் "மாப்ள", "மச்சான்". நண்பர்கள் எல்லாரும் சொல்வதால் நாலு பேர் நடுவிலும் மறைவாக நிற்கும். இவர்களுக்கு மட்டும் அதில் வேறு அர்த்தம் இருக்கும். மூத்தவனை ஊருக்கு முன்னால் "அண்ணே" என்றே கூப்பிடட்டும், தனியாக இருக்கும்போது பெயர் சொல்லட்டும். முதன்முதலாகப் பெயர் சொல்லும் இடம் கதையில் எங்கே வருகிறது என்று நீங்கள் முடிவு செய்தால், அங்கே முத்தம்கூடத் தேவைப்படாது. நாற்பது தாண்டியவர்கள் என்றால் நெல்லைக்கென்றே ஒரு நடுப்படி உண்டு: "வாரும்வே", "இரும்வே", "என்னவே சொல்லுதீரு". மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு, மேல் கீழ் கிடையாது. புதுசாக எழுதுகிறவர்கள் இதை ஏன் கைவிட்டார்கள் என்றே தெரியவில்லை. "மக்கா"வை மட்டும் பார்த்துப் போடுங்கள், நாகர்கோவில் வாசம் அடிக்கும்.

காதலி என்று நினைக்கவைத்து, கடைசி வரியில் அது ஆண் என்று உடைத்திருக்கிறேன். பத்திரிகைகள் திருப்பி அனுப்புகின்றன.
— சங்கரன்கோவில்

தமிழில் இது ரொம்பச் சுலபம், அதனால்தான் அலுத்துவிட்டது. "நான் வந்தேன்", "நீ சிரித்தாய்" என்பவற்றில் ஆண் பெண் பால் கிடையாது. தன்மை முன்னிலையிலேயே எழுதினால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் மறைக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வரி வேலை செய்ய வேண்டுமென்றால் வாசகர் "ஐயோ, ஆணா!" என்று திடுக்கிட வேண்டும். கதையின் முழுப் பலமும் அந்தத் திடுக்கிடலை நம்பி நிற்கிறது. கடைசி வரியைத் தூக்கி முதல் வரியாக வையுங்கள். அப்புறமும் ஏதாவது மிஞ்சினால் அதுதான் உங்கள் கதை.

அகத்திணையில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் சொல்வதை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அங்கே பெயரை விட்டது யாரும் அந்த இடத்தில் வந்து நிற்கலாம் என்பதற்காக. யாரையும் திடுக்கிட வைப்பதற்காக இல்லை.

என் நாயகன், "நான் அப்படிப்பட்டவன் இல்ல, உன்னை மட்டுந்தான் புடிக்கும்" என்கிறான். இது ஆழமான காதல் வசனம் என்று நினைத்தேன். தவறா?
— மேலப்பாளையம்

பாத்திரம் சொல்லலாம், அப்படிச் சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. கதை அதை நம்பக் கூடாது. "அப்படிப்பட்டவன்" என்றால் எப்படிப்பட்டவன் என்று மற்றவன் திருப்பிக் கேட்கட்டும். கேட்காவிட்டால், காதலன் முன்னாலேயே காதலனின் இனத்தையெல்லாம் இழிவுபடுத்திவிட்டுப் பரிசும் வாங்கிக்கொண்டு போகிறான் நாயகன்.

உங்கள் பிரதியில் இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சம் நளினமாக நடக்கும் டெய்லர் ஒருவன் வருகிறான். அவன் வரும் நாலு இடத்திலும் சிரிப்புத்தான். நாயகர்கள் ரெண்டு பேரும் மீசை, புல்லட், கபடி. நளினமானவனைக் கோமாளியாக்கி, அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி இவர்களை "நல்ல ஆம்பளைங்க" என்று காட்டுவது இந்த எழுத்தில் பழகிப்போன தந்திரம். டெய்லருக்கு ஒரு பெயரும், சிரிப்பில்லாத ஒரு காட்சியும், அவன் விரும்பும் ஒருவனையும் கொடுங்கள். அவனைத் திருநங்கை என்று ஓரிடத்தில் எழுதியிருப்பதையும் திருத்துங்கள். திருநங்கை என்பது ஒருவர் தன்னைப் பெண்ணாக உணர்வது, நளினம் என்பது நடை.

எல்லாக் கதையும் சாவில் முடிகிறது என்று குறை சொல்கிறீர்கள். அதுதானே யதார்த்தம்?
— வள்ளியூர்

சாவும் யதார்த்தம்தான். சேர்ந்து வாடகை கொடுத்து இருபது வருஷம் ஓட்டுகிறவர்களும் யதார்த்தம்தான். அவர்கள் கதைக்குள் வராததற்குக் காரணம், சாகாவிட்டால் கதை அவர்களை மன்னித்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். ஆங்கிலத்தில் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913–14-இலேயே ரெண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாக முடியும் நாவலை எழுதினார். சந்தோஷ முடிவில் பிடிவாதமாக இருந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை, புத்தகம் அவர் இறந்த பிறகு 1971-இல் வெளிவந்தது. தூக்கிலோ தற்கொலையோ முடித்திருந்தால் அச்சிடச் சிரமம் இருந்திருக்காது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். முடிவை யார் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாவு வேண்டும் என்றால் மூன்று சோதனை. முதலில், செத்தது யார்? ரெண்டு பேரில் நளினமானவன், ஏழை, கீழத்தெருக்காரன் என்று அவனையே பொறுக்கிக் கொல்கிறீர்களா? அடுத்து, அந்தச் சாவுக்கான விதை கதையின் முதல் பாதியில் இருக்கிறதா, இல்லை முடிக்கத் தெரியாமல் கடைசிப் பக்கத்தில் வந்ததா? மூன்றாவது, அப்பா அரிவாள் எடுக்கிறார் என்றால் எதற்காக எடுக்கிறார்? மகன் ஆணைக் காதலித்ததற்கா, அந்த ஆண் எந்தத் தெரு என்பதற்கா? நம் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு எழுத முடியாது. சாதியைச் சொல்லாமல் விட்டால் கதையில் ஒரு வெறுப்பு இன்னொன்றுக்குப் போர்வையாகிவிடும்.

தற்கொலை என்றால் முறையை விவரிக்காதீர்கள். "செய்தி வந்தது" போதும்.

1996-இல் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் தொடங்கி 2019 வரை நடக்கும் நாவல். சட்டம் எந்த வருஷம் எப்படி இருந்தது?
— பாளையங்கோட்டை

1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவு என்று சொல்லி ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. 1996-இல் உங்கள் பையன்கள் அதன் கீழ்தான் இருக்கிறார்கள். 2009 ஜூலை 2-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-இல் அதே உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. ஆக 2011-இல் மூச்சு விட்டவர்கள் 2015-இல் மறுபடி குற்றவாளிகள். இந்த ஏற்ற இறக்கம் எந்த நாவலாசிரியருக்கும் கிடைக்காத கட்டமைப்பு; உங்கள் பிரதி அதைத் தொடவே இல்லை. கல்யாண உரிமை 2023 அக்டோபர் 17 தீர்ப்பிலும் கிடைக்கவில்லை.

2019 அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் 377-இல் கேஸ் போடுவதாக மிரட்டுகிறார். அவர் மிரட்டலாம், கேஸ் நிற்காது. இந்தக் காலத்தில் போலீஸ் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் "ஆளைக் காணோம்" புகார் வழியாக வரட்டும். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கே அப்படித்தான்: மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்களைத் தேடிப் பெற்றோர் கொடுத்த புகார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஜூன் 7 உத்தரவில், தன்பாலீர்ப்பை "மாற்றுகிறேன்" என்று மருத்துவம் செய்வதற்கும் தடை சொன்னார். உங்கள் நாவலில் டாக்டர் "குணப்படுத்தலாம்" என்கிறார், கதை தலையாட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 1996 டாக்டர் அறியாமல் சொல்லட்டும். கதை அறிந்திருக்க வேண்டும்.

வசைச்சொல்லை அப்படியே எழுதலாமா?
— அம்பாசமுத்திரம்

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் "ஒம்போது" என்று கத்தினால் அப்படியே எழுதுங்கள்; புள்ளி வைத்து மறைத்தால் கத்தினவனுக்குத்தான் மரியாதை. கதைசொல்லி சொல்லக் கூடாது. ஒரு தடவை போதும், கேட்டவன் முகத்தை எழுதுங்கள்.

"ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லை ஏன் வெட்டுகிறீர்கள்?
— ராதாபுரம்

ஒருவன் கடிதத்துக்காகக் காத்திருப்பதையும் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுப்பதையும் "சேர்க்கை" என்ற ஒரு செயலுக்குள் அடைத்துவிடுகிறது. தவிர, "ஓரினம்" என்றால் மனிதர் எல்லாருமே ஓரினம்தானே. தன்பாலீர்ப்பு என்பது ஈர்ப்பைச் சொல்கிறது. பாத்திரம் 1996-இல் பேசினால் பழைய சொல்லே பேசட்டும்.

கட்டாயக் கல்யாணத்தில் வரும் மனைவியை எப்படி எழுதுவது?
— களக்காடு

முதலில் அவளை நச்சரிப்பவளாக எழுதுவதை நிறுத்துங்கள். நாயகன் மேல் பரிதாபம் வருவதற்காகத் தாய்மாமன் மகளை ராட்சசியாக்குவது ஒரு வெறுப்பை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கிற வேலை. ஏமாற்றப்பட்டவள் அவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரிய, கணவனுக்குத் தெரியாத ஒரு காட்சி எழுதிப் பாருங்கள்.

கதையில் ஊர் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அல்வா, தேரோட்டம் எல்லாம் போட்டிருக்கிறேனே?
— தென்காசி

அவற்றைச் சுற்றுலா வருகிறவரும் பார்ப்பார். உங்கள் காதலர்கள் சந்திக்கும் இடங்களைப் பட்டியல் போட்டோம்: தியேட்டர் கடைசி வரிசை, இடிந்த மண்டபம், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சந்து. எல்லாம் இருட்டு. கடைசியில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னை போனால் விடுதலை. மலை, காடு, வயல், கடல், தேரி மணல் என்று ஐந்திணையும் இருக்கிற சீமையை வைத்துக்கொண்டு இந்தக் காதலை மட்டும் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில், தள்ளுகிறீர்கள். ஊர் என்றால் வெறுப்பு, நகரம் என்றால் அன்பு என்பதும் ஊர்க்காரர் தன் ஊரைப் பற்றி உள்வாங்கிய முன்முடிவுதான்.

பகலில் ஒரு காட்சி எழுதுங்கள். பத்தமடையில் கோரைப் பாய் வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பொண்ணு பெயரை நெய்து தருவார்கள். ஆர்டர் எழுதுகிறவர் நோட்டைத் திறந்து, "மாப்ள பேரு சொல்லுங்க" என்கிறார். சொல்கிறார்கள். "பொண்ணு பேரு?" என்கிறார். இவர்களில் யார் வாயைத் திறக்கிறான், அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, குனிந்தபடியே எழுதிக்கொள்கிறாரா என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். ரயில் டிக்கெட்டை அப்புறம் எடுக்கலாம்.