கார் கேள்வி பதில்: இன்ஜினைப் பிரிக்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். இன்ஜின் போச்சு, லட்சக்கணக்குல எஸ்டிமேட், வாரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சுட்டு இதையே எழுதறேன்.

கேள்வி: என்னோடது டீசல் கார் சார், 12 லட்சத்துக்கு வாங்கினேன், 4 வருஷம் 2 மாசம் ஆகுது, 68,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. தனியா காசு கட்டி 5 வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்கேன். போன மாசம் அவிநாசி ரோட்ல போயிட்டிருக்கப்ப ஆயில் லைட் எரிஞ்சுது, ஓரம் கட்டறதுக்குள்ள கட கடன்னு சத்தம், அதோட ஸ்டார்ட் ஆகல. டோ பண்ணி சர்வீஸ் சென்டர்ல விட்டேன். கிராங்க் பேரிங் போச்சு, இன்ஜின் மாத்தணும், 3 லட்சத்து 40 ஆயிரம்னு சொல்றாங்க. நடுவுல ஒரு சர்வீஸ் வெளி மெக்கானிக்கிட்ட பண்ணினேன், அதைக் காட்டி, அதனாலதான் உள்ள ஆயில் சேறு கட்டிடுச்சு, வாரண்டி வராதுங்கறாங்க. வீட்ல நகையை வச்சு கட்டிடலாம்னு இருக்கோம். என்ன பண்ணட்டும்? (திருப்பூர் வாசகர்)

பதில்: நகையை இப்ப வைக்காதீங்க சார். முதல்ல ஒண்ணு சொல்லுங்க, வாரண்டி வராதுன்னு எழுதிக் குடுத்தாங்களா? உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், எல்லாமே சர்வீஸ் சென்டர் அட்வைசர் வாயால சொன்னதாத்தான் இருக்கு. வாயால சொன்னதை நாளைக்கு நான் அப்படி சொல்லலன்னு சொல்லிடலாம். இன்னைக்கே சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் சேர்த்து ஒரே மெயிலா போடுங்க. எந்த பார்ட் போச்சு, எதனால போச்சு, வாரண்டி புக்ல எந்த கண்டிஷன்படி மறுக்கறீங்க, இந்த மூணுக்கும் எழுத்துல பதில் வேணும்னு கேளுங்க. கூடவே உங்க வண்டியோட முழு சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்ட் அவுட்டும் கேளுங்க, அவங்க சிஸ்டத்துலயே இருக்கும்.

அடுத்து இன்ஜினைப் பிரிச்சாச்சா இல்லையான்னு பாருங்க, என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். பிரிக்கறதுக்கு ஜாப் கார்டுங்கற வேலைப் பேப்பர்ல உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்குவாங்க, அதுலயே வாரண்டி கிடைக்கலன்னா லேபர் சார்ஜ் நீங்க தரணும்னும் இருக்கும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ஜாப் கார்டுலயே உங்க கைப்பட எழுதுங்க, என் முன்னாடிதான் பிரிக்கணும், வடிச்ச ஆயிலையும் கழட்டின பார்ட்ஸையும் வெளிய போடக்கூடாதுன்னு. எழுதி அதை ஒரு போட்டோ எடுத்துக்கங்க. நான் கோயம்புத்தூர்ல 20 வருஷத்துக்கு மேல பட்டறை வச்சிருந்தவன். ஒருத்தர் இதே மாதிரி பிரச்சனையோட என்கிட்ட வந்தார், கோபம் நியாயம், பில் எல்லாம் வரிசையா ஃபைல்ல இருக்கு, ஆனா பழைய பேரிங், பிஸ்டன், ஆயில் எல்லாம் ஒரு மாசம் முன்னாடியே காயலான் கடைக்குப் போயிடுச்சு. அவர் வண்டிக்கு என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு ஒரு பொருள் கூட மிச்சம் இல்ல. அன்னைக்கு அவர் மூஞ்சியைப் பாத்ததுலருந்து யார் கேட்டாலும் நான் முதல்ல இதைத்தான் சொல்றேன்.

இப்ப அவங்க சொல்ற சேறு கதைக்கு வரேன். வால்வ் கவரை, அதாவது இன்ஜின் மேல் மூடியைக் கழட்டறப்ப பக்கத்துல நில்லுங்க, முடிஞ்சா உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. டீசல்ல புது ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கருப்பாத்தான் ஆகும், அதனால கருப்பா இருக்கறதை மட்டும் காட்டி பயமுறுத்தினா நம்பாதீங்க, கெட்டியா இருக்கான்னு பாருங்க. ஆயில் நேரத்துக்கு மாத்தாத வண்டில கேம் ஷாஃப்ட் பக்கத்துல, மூலை முடுக்குல எல்லாம் தார் மாதிரி படிஞ்சிருக்கும், விரலால வழிச்சா அல்வா பதத்துல ஒட்டிக்கிட்டு வரும். கீழ சம்ப்பை, அதாவது ஆயில் தேங்கற தொட்டியைக் கழட்டினா ஆயில் உறிஞ்சற குழாயோட வாய்ல இருக்கற வலை அடைச்சிருக்கும். வலை அடைச்சா ஆயில் மேல ஏறாது, ஆயில் இல்லாம பேரிங் உரசும், நீங்க கேட்ட கட கட சத்தம் அதுதான். இதெல்லாம் இருந்துச்சுன்னா அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கத்தான் வேணும். ஆனா உள்ள சுத்தமா இருந்து, மெல்லிசா ஆயில் பூசின மாதிரி பளபளன்னு உலோகம் தெரிஞ்சு, வலையும் திறந்திருந்தா அந்தக் கதை அங்கயே முடிஞ்சுது, அப்ப ஆயில் பம்ப் போச்சா, ஆயில் வேற எங்கயாவது லீக் ஆச்சான்னு தேட வேண்டியது அவங்க வேலை. பேரிங் ஷெல்லையும், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கற வளைஞ்ச தகடுகளையும் கேட்டு வாங்கி வரிசையா அடுக்கி போட்டோ எடுங்க. எல்லா ஷெல்லும் செம்பு தெரியற அளவுக்கு தேஞ்சிருக்கா, இல்ல ஒண்ணு மட்டும் போயிருக்கான்னு பாத்தாலே விவரம் தெரிஞ்சவங்களுக்கு பாதி புரிஞ்சுடும். ஆயில்ல ஒரு அரை லிட்டர் சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, மூடி, ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டு ஒட்டி வைங்க.

வெளில பண்ணின சர்வீஸுக்கு பில் இருக்கா? அதுல ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டர் மாத்தினது, தேதி, கிலோமீட்டர் இருந்தா அது உங்களுக்கு பெரிய பலம். உங்க ஓனர்ஸ் மேனுவல்ல சொன்ன கிரேடும் பில்லுல இருக்கற கிரேடும் ஒண்ணான்னு பாருங்க. வெளில சர்வீஸ் பண்ணினாலே வாரண்டி போச்சுங்கறது அப்படியே ஏத்துக்க வேண்டிய விஷயம் கிடையாது. வியாபாரத்துல போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற மத்திய அரசு அமைப்பான காம்பெடிஷன் கமிஷன் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடிக்கு மேல அபராதம் போட்டு ஒரு ஆர்டர் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்ஸை வெளி மார்க்கெட்ல கிடைக்காம பண்றாங்கங்கறதுதான் அந்தக் கேஸ். அந்த ஆர்டர்ல, வெளி பட்டறைக்குப் போனாங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமா ரத்து பண்ணக்கூடாது, வெளில பண்ணின தப்பான வேலையால எது கெட்டுச்சோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு தெளிவா இருக்கு. அதுக்கப்புறம் அப்பீல், கோர்ட்னு அந்தக் கேஸ் நீண்டுச்சு, அதனால அது ஒண்ணையே நம்பி இருக்காதீங்க, ஆனா உங்க மெயில்ல கண்டிப்பா குறிப்பிடுங்க. வெளி சர்வீஸுக்கும் இந்த பேரிங் போனதுக்கும் என்ன சம்பந்தம்னு காட்டுங்கன்னு கேளுங்க.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க, ஆயில் லைட் எரிஞ்சப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டினீங்களோ அதை உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நிறைய வண்டில ஸ்கேனர் மாட்டினா எந்த கிலோமீட்டர்ல ஃபால்ட் கோட், அதாவது கோளாறுப் பதிவு விழுந்துச்சுன்னு வந்துடும், நீங்க ஒண்ணு சொல்லி அது ஒண்ணு காட்டினா மொத்த கேஸும் கெட்டுடும். நீங்க சொன்ன மாதிரி உடனே ஓரம் கட்டினது நிஜம்னா அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டே உங்களுக்கு சாட்சி, அதோட காப்பியையும் வாங்குங்க.

15 நாள்ல ஒழுங்கான பதில் வரலன்னா 1915க்கு போன் போட்டு புகார் பதியுங்க, அது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். நிறைய பேருக்கு அங்கயே பேசி முடியறதும் உண்டு, பாதி செலவை கம்பெனி ஏத்துக்கறேன்னு வருவாங்க, அதை குட்வில்னு சொல்வாங்க. தொகை எவ்ளோன்னு பாத்து நிதானமா முடிவு பண்ணுங்க, ஆனா இனிமே எந்தப் புகாரும் இல்லன்னு எழுதி வாங்கற பேப்பரைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க.

அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம். பொருளுக்குக் குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான், 12 லட்சம் கார்னா கட்டணம் 400 ரூபாய். பிரச்சனை வந்த நாள்லருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். டீலர், கம்பெனி, வாரண்டியை வேற நிறுவனம் குடுத்திருந்தா அதையும் சேர்த்து எல்லாரையும் எதிர்த்தரப்பா போடுங்க, இல்லன்னா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டிட்டு நழுவிடுவாங்க. பார்ட்ஸை லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ண சொல்லி ஆணையத்தையே கேக்கலாம், அதுக்குத்தான் அந்த ஆயில் பாட்டிலும் ஷெல்லும்.

புது கார் குடுன்னு கேட்டு கேஸ் போடாதீங்க. 2006ல ஒரு க்ளட்ச் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், வாரண்டில பார்ட்டை ரிப்பேர் பண்ணியோ மாத்தியோ தரேன்னுதான் இருக்கு, அதுக்காக வண்டியையே மாத்தச் சொல்ல முடியாதுன்னு சொல்லிருக்கு. இன்ஜினை வாரண்டில மாத்திக் குடு, இல்ல செலவான பணத்தைக் குடு, அலைஞ்சதுக்கு நஷ்ட ஈடு குடுன்னு கேளுங்க, அது நிக்கும். வண்டி இல்லாம பொழப்பு ஓடாதுன்னா ரிப்பேர் பண்ணிக்கங்க, ஆனா ஆட்சேபணையோடதான் பணம் கட்டறேன், வாரண்டி உரிமையை விட்டுக் குடுக்கலன்னு முதல்ல மெயில் போட்டுட்டு அப்புறம் கட்டுங்க, பழைய பார்ட்ஸை மூட்டையா கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.

கேள்வி: போன மழைல வேளச்சேரில எங்க தெருவுல முழங்கால் தண்ணி. நான் வண்டி எடுத்துட்டு வந்தப்ப நடுவுல ஆஃப் ஆயிடுச்சு, பயத்துல ரெண்டு மூணு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். இப்ப இன்ஜின் லாக்னு சொல்றாங்க. வாரண்டியும் இல்ல, இன்சூரன்ஸும் இல்லன்னுட்டாங்க. வண்டி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. (சென்னை வாசகி)

பதில்: வாரண்டி பக்கம் நேரத்தைச் செலவு பண்ணாதீங்கம்மா, அது தயாரிப்புல வர்ற குறைக்கு மட்டும்தான், தண்ணி புகுந்ததுக்கு வராது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போனப்புறம் ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டன் மேல ஏற முடியாம பிஸ்டனோட சேர்ந்த கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். அதனாலதான் தண்ணில நின்னுபோன வண்டியை சாவி போடாம தள்ளிட்டு வரணும்னு சொல்றோம். உங்க மேல குத்தம் சொல்ல இதை எழுதல, அந்த நேரத்துல, இருட்டுல, சுத்தி தண்ணி இருக்கறப்ப யாரா இருந்தாலும் சாவியைத் திருப்பத்தான் செய்வாங்க.

இன்சூரன்ஸ்ல உங்க பாலிசி பேப்பரை எடுத்து ஆட்-ஆன் லிஸ்ட்ல இன்ஜின் புரொடெக்ட்னு இருக்கான்னு பாருங்க. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காம பார்ட்ஸுக்குப் பணம் தர்ற ஆட்-ஆன் இருந்தா இதுவும் சேர்ந்துதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ரெண்டும் வேற வேற. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசில வெள்ளச் சேதம் உண்டு, ஆனா அதைத் தொடர்ந்து நாம செஞ்சதால வந்த சேதம்னு சொல்லி இன்ஜினை மட்டும் தள்ளிடுவாங்க. அப்பவும் சீட், கார்பெட், வயரிங், சென்சார், ஆயில் ஃப்ளஷ் இதெல்லாம் வெள்ளச் சேதம்தான், மொத்தமா இல்லன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, தனித்தனியா எஸ்டிமேட் கேளுங்க. சேதத்தைப் பாத்து மதிப்பு போட்ட இன்சூரன்ஸ் சர்வேயரோட ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்குங்க. அதுல ஸ்டார்ட் பண்ணினதாலதான் ராட் வளைஞ்சுதுன்னு எதை வச்சு முடிவு பண்ணினாருன்னு பாருங்க, ஓடிட்டிருக்கும்போதே தண்ணியை இழுத்து ராட் வளையறதும் நடக்கறதுதான், இதுல வாதாட இடம் இருக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட போலாம், உங்களுக்கு தேனாம்பேட்டைலயே ஆபீஸ் இருக்கு. கட்டணம் எதுவும் இல்ல, வக்கீலும் கூடாது, நீங்களே பேசணும். ரிஜெக்ட் பண்ணின லெட்டர் வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், போன மழைன்னு எழுதிருக்கீங்க, அதனால லெட்டர் தேதியை இன்னைக்கே பாருங்க.

கேள்வி: பழைய கார் வாங்கி மூணு வாரத்துல டைமிங் பெல்ட் அறுந்து வால்வ் எல்லாம் வளைஞ்சுடுச்சு. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப அது முதல் ஓனர் பேர்லதான் இருக்குங்கறாங்க. (மதுரை வாசகர்)

பதில்: நிறைய வாரண்டி திட்டத்துல பேர் மாத்தறதுக்கு ஒரு கால அளவு வச்சிருப்பாங்க, இன்னும் அது முடியலன்னா உடனே மாத்துங்க. பெல்ட் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷத்துக்கு மாத்தணும்னு மேனுவல்ல இருக்கும், அந்த அளவு தாண்டிருந்தா வாரண்டி கேக்க வழியில்ல. அளவுக்குள்ள அறுந்திருந்தா கேக்கலாம், அறுந்த பெல்ட்டைக் கையோட வாங்கி வைங்க. வாரண்டி இருக்குன்னு வித்தவங்க வாட்ஸ்ஆப்ல சொல்லிருந்தா அந்த சாட்டை அழிச்சுடாதீங்க. வித்தது தனி ஆளா இல்லாம யூஸ்டு கார் வியாபாரம் பண்றவங்களா இருந்தா அவங்க மேலயும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போலாம்.

கேள்வி: வாரண்டி முடிஞ்ச வண்டிங்க. கம்பெனி இன்ஜின் 2 லட்சத்துக்கு மேல சொல்றாங்க. சென்னை புதுப்பேட்டைல பழைய இன்ஜின் வாங்கிப் போட்டா பரவாயில்லையா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: போடலாம் தம்பி, நல்ல இன்ஜினும் அங்க இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி உங்க இன்ஜினையே ஒரு நல்ல லேத்ல காட்டிக் கேளுங்க, பிளாக் உடையாம இருந்தா ரீபோர் (சிலிண்டரைக் கடையறது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்ச்சு சரி பண்றது)னு கம்மில முடியவும் வாய்ப்பு இருக்கு. புதுப்பேட்டைல வாங்கறதா இருந்தா இன்ஜின் நம்பர் தெளிவா தெரியணும், சுரண்டின தடம் இருந்தா தொடவே தொடாதீங்க, அது எந்த வண்டிலருந்து வந்துச்சுன்னு பேப்பரும் கடை பேர்ல பில்லும் வாங்குங்க. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்க, காபி மேல நிக்கற நுரை மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா உள்ள தண்ணி கலந்திருக்குன்னு சந்தேகப்படணும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காத்தை எவ்ளோ அமுக்குதுன்னு செக் பண்ணாம காசு குடுக்காதீங்க. மாத்தின 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல நம்பரை மாத்திக்கங்க, இன்சூரன்ஸுக்கும் தெரிவிச்சுடுங்க, இல்லன்னா அடுத்த க்ளெய்ம்ல நம்பர் ஒத்துப்போகலன்னு நிறுத்திடுவாங்க.