எந்தச் சிலிகான் வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரெசின் த்ரீ-டி பிரிண்டரில் எடுத்த ஐந்து அங்குலப் பிள்ளையாரை அச்செடுக்க, அதன் மீது, இரண்டு திரவங்களை ஒன்றுக்கு ஒன்று கலக்கும் பிளாட்டினம் சிலிகானை ஊற்றினேன். வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது. பொம்மையைத் தொட்ட பக்கம் மட்டும் இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. கலவை அளவு தவறிவிட்டதா?
– வாசகர், கோவை

அளவு தவறியிருந்தால் அச்சு முழுவதுமே இளகிக் கிடக்கும். சரியாகக் கலக்காமல் விட்டிருந்தால் ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பிசுபிசுக்கும். பொம்மையைத் தொட்ட பரப்பில் மட்டும் என்றால், கோளாறு பொம்மையில்தான் இருக்கிறது.

இந்த வகைச் சிலிகானை இறுகவைப்பது அதில் மிகச் சிறிதளவே இருக்கும் பிளாட்டினம் சேர்மம். கந்தகம், டின் (வெள்ளீயம்), அமீன் (எபாக்ஸி ஹார்டனர்களில் இருக்கும் நைட்ரஜன் சேர்மம்), உங்கள் பிரிண்டரில் போடுவதுபோன்ற, முழுதாக இறுகாத யுவி ரெசின் ஆகியவற்றில் எது பட்டாலும் அது செயலிழந்துவிடும். கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடக்ஸ் கையுறை, முன்பு டின் சிலிகான் (டின் சேர்மத்தால் இறுகும் இன்னொரு வகை) கலக்கிய குச்சி, நேற்று பூசிய எபாக்ஸி புட்டி எல்லாமே இதே வேலையைச் செய்யும். அப்படிப் பிசுபிசுக்கும் படலம் எத்தனை நாள் காத்திருந்தாலும் இறுகாது. அந்த அச்சைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

பொம்மையைக் காப்பாற்றலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவி, நன்றாக உலரவிட்டு, யுவி விளக்கில் எல்லாப் பக்கமும் காட்டுங்கள். பிறகு 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். இவ்வளவு செய்தும் சில ரெசின்கள் வம்பு செய்யும். ஆகவே பொம்மையின் அடிப்பாகத்தில் ஒரு ஸ்பூன் சிலிகானைத் தடவிப் பாருங்கள். மறுநாள் சுத்தமாக உரிந்து வந்தால் மட்டும் முழுதாக ஊற்றுங்கள். அந்தச் சோதனையும் தோற்றால் டின் சிலிகானுக்கு மாறிவிடுங்கள். இந்த விஷயங்களில் அதற்கு அவ்வளவு நோஞ்சான் உடம்பு இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் டின் சிலிகானே போதாதா? விலையும் குறைவுதானே?
– வாசகி, மதுரை

கொலுப் பொம்மை, மெழுகுவர்த்தி, பிளாஸ்டர் சிலை என்றால் தாராளமாகப் போதும். ஆனால் டின் சிலிகான் இறுகும்போது ஆல்கஹால் பிரிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் அச்சு மெல்லச் சுருங்கும். அரை சதவீதம் சுருங்கினாலே 12 செ.மீ. பொம்மையில் 0.6 மி.மீ. குறையும். பிள்ளையாருக்கு அது தெரியாது. டப்பாவுக்கு மூடி வார்ப்பவருக்கு மூடி பொருந்தாது. சில வருடங்களில் அச்சு விறைத்துக் கிழியவும் தொடங்கும். அளவு பிசகக் கூடாத உருப்படிக்கும், பல வருடம் வைத்திருக்க வேண்டிய அச்சுக்கும் பிளாட்டினம் வாங்குங்கள். சாக்லேட் அச்சுக்கு டின் வேண்டவே வேண்டாம். பிளாட்டினத்திலும் உணவுக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாக அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள்.

12 செ.மீ. உயரமுள்ள கொலுப் பொம்மைக்கு எவ்வளவு சிலிகான் வேண்டும்? எந்தக் கடினம்?
– வாசகர், கும்பகோணம்

பொம்மையின் அடி 6 × 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 செ.மீ., தலைக்கு மேல் 1.5 செ.மீ. இடம் விட்டால் பெட்டி 8 × 7 × 13.5, அதாவது 756 மி.லி. பொம்மையைப் பெட்டிக்குள் வைத்து அரிசியால் நிரப்பி, அந்த அரிசியை அளவுக் குவளையில் அளந்தால் சிலிகான் நிரம்ப வேண்டிய இடம் தெரிந்துவிடும். 556 மி.லி. வந்தால், ஒரு மி.லி. சிலிகான் சுமார் 1.1 கிராம் என்பதால் 1.1-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 610 கிராம். கோப்பையில் ஒட்டிக்கொள்வதையும் சேர்த்து 670 கிராம் கலக்கலாம்.

கடினம் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்; எண் கூடினால் கடினமும் கூடும்) 20 சரியாக இருக்கும். கை இடுப்பில் ஊன்றிய பொம்மை, விரிந்த தோகை என்றால் 10 முதல் 15 வரை. தட்டையான பதக்கம் என்றால் 30. மெத்தென்ற சிலிகான் பொம்மையிலிருந்து எளிதாகக் கழன்று வரும், ஆனால் சீக்கிரம் கிழியும். கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள ஓட்டையைக் கந்தகமில்லாத களிமண்ணால் முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிலிகான் அதற்குள் புகுந்து இறுகி, கழற்றும்போது கையை ஒடித்துவிடும். மண், பிளாஸ்டர் பொம்மைகளுக்கு முன்கூட்டியே கிளியர் வார்னிஷ் அடித்துத் துளைகளை மூடுங்கள்.

கலவையிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் இல்லை. குமிழி வராமல் ஊற்ற முடியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

முடியும். வாங்கும்போதே விஸ்காசிட்டி (திரவத்தின் கெட்டித்தன்மை) 20,000 சென்டிபாய்ஸுக்குக் கீழே உள்ளதாகப் பாருங்கள். எடை பார்த்தே கலக்குங்கள். 100-க்கு 3 என்று போட்டிருக்கும் டின் ஹார்டனரை (டின் சிலிகானை இறுகவைக்கும் திரவம்) கண்ணளவில் ஊற்றாதீர்கள். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, சுத்தமான இன்னொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். மூக்கு, விரலிடுக்கு, நகை வேலைப்பாடுகளில் தூரிகையால் மெல்லிய படலமாகத் தடவிவிட்டு, பெட்டியின் ஒரே மூலையில், ஓர் அடி உயரத்திலிருந்து நூல்போல் ஊற்றுங்கள். அந்த மெல்லிய இழையில் வரும்போதே பெரும்பாலான குமிழிகள் உடைந்துவிடும். திரவம் தானாக ஏறி பொம்மையை மூடட்டும்; பொம்மையின் தலையில் ஊற்ற வேண்டாம்.

கலந்த பிறகு ஊற்றி முடிக்கக் கிடைக்கும் நேரம் டப்பாவில் 40 நிமிடம் என்று இருந்தால், அது 25 டிகிரிக்குச் சொன்னது. 35 டிகிரி வெயிலில் அது 20 நிமிடமாகக் குறைந்துவிடலாம். கோடையில் விடியற்காலையில் ஊற்றுங்கள்.